ஹாலோவீன் மிட்டாயைத் தொடாமல் இருப்பது எப்படி?

நியூ ஜெர்சியில் நான்கு வருடமாக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வயது 38. போன ஏப்ரலில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற எண்) 6.0 வந்திருக்கிறது, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய பார்டர். செப்டம்பர் பிறந்தால் கடையில் மிட்டாய், ஆபீஸில் மிட்டாய், வீட்டில் மிட்டாய். அக்டோபர் 31, ஹாலோவீன் ராத்திரி, ஏழு வயது மகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்டு, ஒரு தலையணை உறை நிறைய அள்ளிக்கொண்டு வருகிறாள். "இந்த வருடம் ஒன்றுகூடத் தொட மாட்டேன்" என்று ஒவ்வொரு வருடமும் தீர்மானம். ஒவ்வொரு நவம்பரிலும் எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. மனக்கட்டுப்பாட்டை வளர்த்துக்கொள்ள என்ன வழி என்று கேட்கிறார்.

நானும் இதே மாநிலத்தில்தான் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அக்டோபர் மாதம் என்னிடம் வருகிற நம்மவர்களில் பலர் இதே கேள்வியைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்பார்கள். என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். மனக்கட்டுப்பாடு உங்களுக்கு வேண்டிய அளவு இருக்கிறது. வேலையையும் குழந்தையையும் சேர்த்துச் சமாளிக்கிற ஒருவருக்கு அது இல்லாமல் இருக்காது. தப்பு நடக்கிற இடம் வேறு, நடக்கிற நாளும் வேறு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஃபன் சைஸ் என்று விற்கிறார்களே, விரல் நீளத்துக்கு ஒரு ஸ்னிக்கர்ஸ் சாக்லேட், அதில் சுமார் 80 கலோரி, 8 கிராம் சர்க்கரை. அதாவது இரண்டு டீஸ்பூன். அக்டோபர் 31 அன்று நீங்கள் வெறி வந்த மாதிரி பதினைந்து சாப்பிட்டால்கூட 1,200 கலோரிதான் ஆகும். வயிறு உப்பும், மறுநாள் காலை தலை கனக்கும், அவ்வளவுதான். இப்போது அடுத்த கணக்கைப் பாருங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை அறுபது நாள். தினமும் மூன்றே மூன்று: ஆபீஸில் ஒன்று, சமையலறையில் ஒன்று, ராத்திரி டிவி பார்க்கும்போது ஒன்று. 14,400 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வைத்தால், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. உடம்பு ஒன்றும் கணக்குப்பிள்ளை மாதிரி காசுக்குக் காசு கணக்கு வைப்பதில்லை. ஆனாலும் உங்கள் எடை இயந்திரம் ஒவ்வொரு நவம்பரிலும் காட்டுகிற எண்ணுக்கு இது எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்.

ஆக, ஹாலோவீன் ராத்திரியோடு சண்டை போட வேண்டாம். அன்றைக்குச் சாப்பிடுங்கள். நாம் பார்க்க வேண்டியது அதற்கு முன்னால் ஆறு வாரம், பின்னால் இரண்டு வாரம். அதில் சாப்பிடுவதை யாருமே சாப்பிட்டதாகக் கணக்கில் வைப்பதில்லை.

இதைச் சொல்கிற எனக்கே ஒரு கதை உண்டு. இங்கே வந்த புதிதில், அக்டோபர் முதல் வாரமே கிடங்குக் கடையில் 150 உருப்படி போட்ட மூட்டையை வாங்கிவிட்டேன். மலிவு, தள்ளுபடிக் கூப்பன் வேறு. கண்ணில் படக்கூடாது என்று அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். ஒளித்து வைத்தவளும் நான், எங்கே இருக்கிறது என்று தெரிந்தவளும் நான். தினமும் அரிசி எடுக்கப் போகிறவளும் நான்தானே! இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை டிரையரைத் திறந்தேன். சூடான துணிகளுக்கு நடுவே என் ஸ்வெட்டர். அதன் பையிலிருந்து ஏழு ஆரஞ்சு ரேப்பர்கள், துவைத்து, அலசி, உலர்ந்து, நிறம்கூட மங்காமல் உதிர்ந்தன. ஒரே நாள் போட்டுக் கழற்றிய ஸ்வெட்டர் அது. அந்த நாளில் நான் சாப்பிட்டதாக எனக்கு நினைவிருந்தது மூன்று. மீதி நான்கு எப்போது உள்ளே போயின என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஹாலோவீனுக்கு இரண்டு நாள் முன்னால் மூட்டை காலி. மறுபடி போய் இன்னொன்று வாங்கினேன்.

அந்த ஏழு ரேப்பரில் எந்த ஒன்றையும் நான் பசித்துப் பிரிக்கவில்லை. எட்டின இடத்தில் இருந்தது, கை போனது.

இதை ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் கடைசியில் தொடங்கிய சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிடித்த தின்பண்டத்தைக் காட்டி, "இப்போது சாப்பிட்டால் ஒன்று, நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தனியாக விட்டுப் போவார்கள். காத்திருந்த குழந்தைதான் பிற்காலத்தில் முன்னுக்கு வரும் என்று மேடை தோறும் பேசுகிறார்களே, அதே சோதனை. அந்த முன்னுக்கு வருகிற பகுதி 2018இல் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது வெகுவாகச் சுருங்கிவிட்டது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தால் பெரிய வித்தியாசம் மிஞ்சவில்லை. ஆனால் மேடையில் யாரும் சொல்லாத இன்னொரு பகுதி இருக்கிறது. பண்டம் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் ஓரிரு நிமிடத்திலேயே தோற்றார்கள். அதையே கண்ணுக்குப் படாமல் வைத்தபோது சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். வென்ற குழந்தைகள் பல்லைக் கடித்துக்கொண்டு பண்டத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், முதுகைத் திருப்பி உட்கார்ந்தார்கள்.

நீங்களும் முதுகைத் திருப்பி உட்காருங்கள். சமையலறையில் அது எப்படி என்று சொல்கிறேன்.

வாசலுக்கு வருகிற குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டியதை அக்டோபர் 30 அல்லது 31 காலைதான் வாங்க வேண்டும். "தீர்ந்துபோய்விடும்" என்ற பயம்தான் எல்லாரையும் செப்டம்பரிலேயே வாங்க வைக்கிறது. தீராது. நீங்கள் விரும்பும் பிராண்டு தீர்ந்துபோகலாம், அது நல்லதுதான். ஏனென்றால் இரண்டாவது விதி, உங்களுக்குப் பிடிக்காததாகப் பார்த்து வாங்குவது. எனக்குச் சாக்லேட்டும் வேர்க்கடலையும் சேர்ந்தால் போதும், விழுந்துவிடுவேன். புளிப்பு மிட்டாயைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அதனால் எங்கள் வீட்டு வாசலில் புளிப்பு மிட்டாய்தான். தெருக் குழந்தைகளுக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. மிட்டாயே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக 2014 முதல் நாடு முழுவதும் நடக்கும் ஓர் இயக்கம் உண்டு. நீலப்பச்சை நிறம் பூசிய பூசணிக்காயை வாசலில் வைத்தால், இந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் கிடைக்கும் என்று அர்த்தம். இருட்டில் ஒளிரும் வளையல், பென்சில், ஸ்டிக்கர், துள்ளும் ரப்பர் பந்து. ஒளிரும் வளையலுக்கு இருக்கிற மவுசு எந்தச் சாக்லேட்டுக்கும் கிடையாது என்பதை என் வாசலில் பார்த்துவிட்டேன். மிஞ்சினாலும் அடுத்த வருடத்துக்கு ஆகும், ராத்திரி பத்தரை மணிக்கு உங்களைக் கூப்பிடாது.

ஆபீஸ் இன்னும் சிக்கல். வீடு உங்கள் கையில் இருக்கிறது, ஆபீஸ் இல்லை. வரவேற்பு மேசையில் ஆரஞ்சு பிளாஸ்டிக் பூசணிக் கிண்ணம் ஒன்று இருக்கும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. தண்ணீர் பிடிக்க வேறு வழியாகப் போக முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கிண்ணத்துக்குச் சொந்தக்காரரிடம் "இதை மூடியுள்ள டப்பாவில் வைத்தால் எனக்குப் பெரிய உதவி" என்று சொல்லுங்கள். சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்காவில் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உங்களைப் போலப் பார்டரில்தான் இருக்கிறார்கள். கிண்ணம் வைத்தவரே அதில் ஒருவராக இருக்கலாம். யாராவது கையில் எடுத்துக் கொடுத்தால்தான் நமக்குத் தர்மசங்கடம். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் இல்லை நாம். வாங்கிக்கொள்ளுங்கள், "சாப்பாட்டுக்கு அப்புறம் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிக் கைப்பையில் போடுங்கள். வாங்கியது மரியாதை. அதை அங்கேயே பிரித்து வாயில் போட வேண்டும் என்று மரியாதை கேட்கவில்லை.

மூன்றரை மணிக்குத்தான் கிண்ணம் ரொம்பப் பலமாகக் கூப்பிடும். அதற்குக் காரணம் பெரும்பாலும் மதியச் சாப்பாடு. என்னிடம் வருகிறவர்களின் டிபன் பாக்ஸைக் கேட்டால் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அல்லது அவசரத்துக்கு இரண்டு பிரெட் துண்டு. மாவுச்சத்து சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்குகிறது. இறங்குகிற நேரத்தில் கண்ணெதிரே மிட்டாய். அந்த நேரத்தில் மனக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவது வீண். நல்லவேளையாக இதே பருவத்தில்தான் நவராத்திரியும் வருகிறது. கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு, காராமணி. ஒன்பது நாள் செய்யத் தெரிந்த கைக்கு அறுபது நாள் செய்ய முடியாதா என்ன? வாரத்துக்கு இரண்டு முறை குக்கரில் வேகவைத்துப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டில் ஒரு கப் சுண்டல், தயிர், சாப்பிடுவீர்கள் என்றால் ஒரு முட்டை. பிற்பகல் ஆசை முழுக்கப் போய்விடும் என்று சொல்லவில்லை. பேச்சுக்கு இடம் கொடுக்கிற அளவுக்குக் குறையும்.

அப்படியே உங்கள் காபியையும் பாருங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன், நாளைக்கு மூன்று டம்ளர் என்றால் 24 கிராம் சர்க்கரை. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை வேண்டாம் என்கிறது அமெரிக்க இருதயச் சங்கம். மிட்டாய்க்கு முன்னாலேயே காபி அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. ஸ்னிக்கர்ஸைப் பற்றி ஒரு மணி நேரம் குற்ற உணர்வோடு பேசிவிட்டு, காபிச் சர்க்கரையை அரைப் பங்காக்கலாமா என்று கேட்டால் முகம் சுருங்குகிறவர்கள்தான் அதிகம். எனக்கும் சுருங்கியது.

சரி, ஹாலோவீன் ராத்திரிக்கு வருவோம். இந்தப் பழக்கம் இங்கே ஒன்றும் ஆதிகாலத்தது இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்பது அமெரிக்காவில் 1930களில் பரவியது. போர்க்காலத்தில் 1942 முதல் 1947 வரை சர்க்கரைக்கு ரேஷன், அப்போது அடங்கிக் கிடந்தது. ரேஷன் போனதும் மிட்டாய்க் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. 2007இலிருந்து, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிற கோடைக்கால நேரம் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீள்வதால், ஹாலோவீன் மாலை எப்போதும் ஒரு மணி நேரம் கூடுதல் வெளிச்சத்தோடு வருகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்காக மிட்டாய்த் தொழில்காரர்கள் பல வருடம் அரசாங்கத்தின் கதவைத் தட்டினார்கள். உங்களை எதிர்த்து நிற்பது ஒரு கிண்ணம் மட்டும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். தோற்றால் வெட்கப்பட வேண்டாம்.

அன்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்கிறேன். எப்படி என்பதில்தான் விஷயம். 1976இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சியாட்டில் நகரில் ஹாலோவீன் அன்றே நடந்தது. 27 வீடுகள், 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகள். "ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரப் பெண் உள்ளே போய்விடுவார். மறைவில் ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பார். கூட்டமாக வந்த, பெயர் கேட்கப்படாத குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் கூடுதலாக எடுத்தார்கள். தனியாக வந்து பெயரும் சொன்னவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அதே குழு பிறகு செய்த இன்னொரு ஆய்வில் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடியை வைத்தார்கள். பெயர் சொன்ன குழந்தைகளில் கூடுதலாக எடுப்பது அதிலேயே குறைந்தது. தன் முகம் தனக்குத் தெரிந்தால் போதும் போலிருக்கிறது.

நாம் மிட்டாய் சாப்பிடுவது எப்போதும் யாரும் பார்க்காத இடத்தில்தான். சமையலறையில் நின்றுகொண்டு, விளக்குப் போடாமல், ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில். ரேப்பரைச் சத்தமில்லாமல் பிரிக்கிற கலை இந்த ஊர்த் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். எதைத் தின்றாலும் ஒரு தட்டில் வைத்து, உட்கார்ந்து, குடும்பத்தின் கண்முன்னால் தின்னுங்கள். ரேப்பர்கள் தட்டிலேயே கிடக்கட்டும். எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும். எனக்கு வேலை செய்த ஒரே விதியைச் சொல் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வெறும் வயிற்றில் வேண்டாம். முதலில் இரவுச் சாப்பாடு, அதில் பருப்பும் காயும் தாராளமாக, அதற்கப்புறம் மிட்டாய். அப்படிச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் தணிந்திருக்கும். சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் தணியும். ஹாலோவீனில் நடை தானாகவே கிடைக்கிறது. ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மகளோடு தெருத்தெருவாகச் சுற்றுங்கள், சுற்றி முடிக்கிற நேரத்தில் மிட்டாயைக் கொஞ்சம் தின்னுங்கள்.

மகள் விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. பையை வாங்கி உயரத்தில் வைத்துவிட்டு ஒரு நாளைக்கு ஒன்று என்று ரேஷன் போடுவது. 1999இல் ஜெனிஃபர் ஃபிஷர், லியான் பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சின்னக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், ஒரு பண்டத்தைத் தடுத்து வைத்தபோது குழந்தைகள் அதைப் பற்றியே பேசினார்கள், அதையே கேட்டார்கள். முதல் நாள் அவள் இஷ்டத்துக்கு விடுங்கள். அவளே ரகம் ரகமாகப் பிரித்து, எண்ணி, மாற்றிக்கொள்வாள். குழந்தைகளுக்குத் தின்பதைவிட அதில்தான் குஷி. அப்புறம் பிடித்தது ஒரு சின்ன டப்பா அளவு வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொடுத்துவிடலாம். பல ஊர்களில் பல் மருத்துவர்கள் பவுண்டுக்கு ஒரு டாலர் மாதிரி கொடுத்து மிட்டாயை வாங்கிக்கொள்கிறார்கள், ராணுவ வீரர்களுக்கு அனுப்புகிறார்கள். ஏழு வயதுக்கு அந்தக் காசு பெரிய சம்பாத்தியம். வைத்துக்கொண்டதைச் சாப்பாட்டோடு கொடுங்கள், நாள் முழுக்கக் கொறிக்க விடாதீர்கள். பல்லுக்கு அளவைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். 1940களில் ஸ்வீடனில் மனவளர்ச்சி குன்றியவர்கள் விடுதியில், சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே ஒட்டும் டாஃபி கொடுத்துக் கொடுத்து அவர்கள் பல்லைக் கெடுத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த அநியாயத்தை இன்றும் மருத்துவ அறத்துக்குப் பாடமாகச் சொல்கிறார்கள்.

மிட்டாய் தின்றால் குழந்தை ஆட்டம் போடும் என்பது மட்டும் உண்மை இல்லை. 1995இல் 23 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, சர்க்கரைக்கும் குழந்தைகளின் நடத்தைக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். அதற்கு முந்தைய வருடம் இன்னொரு வேடிக்கை. சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, "உங்கள் பையனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று தாய்மார்களிடம் சொன்னார்கள். பையன் துள்ளுகிறான் என்றார்கள் தாய்மார்கள். பேய் வேஷம் போட்டு ராத்திரி ஒன்பது வரை தெருவில் ஓடினால் எந்தக் குழந்தைதான் துள்ளாது?

உங்கள் கேள்வியில் இல்லாத சிலதையும் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கு உதவும்.

சர்க்கரை இல்லாதது என்று எழுதிய சாக்லேட்டை நம்பி மூட்டையாக வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் மால்டிட்டால் மாதிரி சர்க்கரை ஆல்கஹால் இருக்கும் (சாராயம் இல்லை, ஒரு வகை இனிப்பூட்டி). மாவுச்சத்தும் கொஞ்சம் உண்டு, கொழுப்பும் உண்டு. ஐந்தாறு தின்றால் வயிறு காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்தது கீழே விழக்கூடாது, நாய்க்கு அது விஷம். சாக்லேட்டும் ஆகாது.

இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையை இறக்குகிற மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் மிட்டாயை முற்றாக ஒழிக்க வேண்டாம். சர்க்கரை இறங்கினால் 15 கிராம் வேகமான சர்க்கரை வேண்டும். அதற்குச் சாக்லேட் சரிப்படாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். இங்கே கிடைக்கும் ஸ்மார்ட்டீஸ் என்ற வட்ட வில்லைகள் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ்தான். மகளின் பையிலிருந்து அதில் நாலைந்து சுருளை எடுத்துக் காரிலும் கைப்பையிலும் போட்டு வைக்கலாம்.

சைவக்காரர்களுக்கு: கேண்டி கார்ன், ஸ்டார்பர்ஸ்ட், மார்ஷ்மெல்லோ, கம்மி வகைகள் பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் உண்டு, அதாவது மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு. இதைச் சொன்ன அன்றே கேண்டி கார்னை விட்டவர்களை எனக்குத் தெரியும். 6.0 என்ற எண் செய்யாததை ஜெலட்டின் செய்துவிடுகிறது. கறுப்பு லிக்கரிஸ் மிட்டாய் நம் அதிமதுரம்தான். 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் நாளைக்கு இரண்டு அவுன்ஸ் வீதம் இரண்டு வாரம் தின்றால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரிக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால், "நாட்டு மருந்துதானே" என்று அவர்கள் கையில் அந்தப் பையைக் கொடுத்துவிடாதீர்கள்.

தீபாவளியை மறக்க முடியாது. 2024இல் இரண்டும் ஒரே நாள். இருபது நாள் இடைவெளிக்குள் வருவது வருடா வருடம் நடப்பது. மகள் பையும் மாமியார் அனுப்பிய அதிரசமும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டையும் தொடுவீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் கட்சி. நான் எப்போதும் அதிரசத்தின் பக்கம். ஸ்னிக்கர்ஸ் பன்னிரண்டு மாதமும் எல்லாப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஒருவர் பாகு பதம் பார்த்து, மாவைப் புளிக்க வைத்து, எண்ணெயில் சுட்டு, அமுக்கி எடுத்து, விமானத்தில் அனுப்பியது அப்படிக் கிடைக்குமா? இரண்டு எடுத்துத் தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். எது வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மற்றதை வேண்டாம் என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

6.0 என்பதைக் கண்டு கலங்க வேண்டாம், அதற்காக அலட்சியமும் வேண்டாம். 5.7 முதல் 6.4 வரை பார்டர். நம் இனத்தவருக்கு எடை குறைவாக இருக்கும்போதே சர்க்கரை வருகிறது என்பதால்தான், இங்கே ஆசியர்களுக்குப் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடை அளவு) 23இலேயே பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். 2002இல் முடிவுகள் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு பழகியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரைக்கு 31 சதவீதம்தான். நீங்கள் 65 கிலோ என்றால் நாலரை கிலோ. அதில் இரண்டு கிலோவை ஒவ்வொரு அக்டோபரும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம். ஏ1சி கடந்த மூன்று மாதக் கதையைச் சொல்வது, அதிலும் கடைசி மாதத்துக்குக் கனம் அதிகம். ஆகவே அடுத்த பரிசோதனையை டிசம்பர் முதல் வாரத்தில் வையுங்கள். இந்த இரண்டு மாதம் எப்படிப் போனது என்று அதில் தெரியும்.

கடைசியாக நவம்பர் 1. அன்று காலை கடைக்குள் நுழைந்ததும் எதிரிலேயே பாதி விலையில் மிட்டாய் மலை இருக்கும், இரண்டு மூன்று நாளில் கால் விலை. வேண்டாதவர்கள்கூட லாபம் என்று வாங்குவார்கள், சிக்கனமாக வளர்ந்த நம் கையைக் கேட்கவே வேண்டாம். அறுபது நாளில் அதிகமாகச் சறுக்குகிற இடம் இதுதான், ராத்திரி கிண்ணத்தைத் தாண்டியவர்கள்கூட இங்கே விழுந்திருக்கிறார்கள். பாலையும் தயிரையும் 30ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள். அவசரமாக ஏதாவது வேண்டியிருந்தால் வீட்டுக்காரரை அனுப்பலாம், கையில் சீட்டு எழுதிக் கொடுத்து, கூப்பன் இல்லாமல்.